கதையும் காயமும் பொருந்தாதபோது

சளி, இருமல் என்று மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா வருகிறார். எடை பார்ப்பதற்காக நர்ஸ் சட்டையைக் கழற்றுகிறார். இடது காது மடலின் மேல்விளிம்பில் கடுகு சிந்தியதுபோல மூன்று நான்கு ஊதாப் புள்ளிகள், காதுக்குப் பின்னால் விரல்நகம் அளவுக்கு நீலம் பாரித்த ஒரு தடம். "இது என்னம்மா?" என்று கேட்டால், "கிலுகிலுப்பைய எடுத்து அடிச்சுக்கிட்டான் சிஸ்டர்" என்று பதில் வருகிறது. குழந்தை சிரிக்கிறது, நன்றாகப் பால் குடிக்கிறது, காய்ச்சல் இல்லை. வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருக்கிறார்கள். அம்மாவும் பார்க்க நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார். சளிக்கு வேண்டியதைச் சொல்லி அனுப்பிவிட்டால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

ஆனால் மூன்று மாதக் குழந்தையால் அது முடியாது. அந்த வயதில் தலை நிற்பதே இப்போதுதான். புரள்வதற்கே பொதுவாக இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஆகும். கையில் வைத்த பொருளைக் கொஞ்ச நேரம் பிடித்திருக்குமே தவிர, தன் காதில் ரத்தம் கட்டுகிற அளவுக்கு ஓங்கி அடித்துக்கொள்ளாது. 1999ல் வெளியான ஓர் ஆய்வு, வழக்கமான பரிசோதனைக்கு வந்த 973 குழந்தைகளின் உடம்பில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. நடக்க ஆரம்பித்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் எங்காவது ஒரு ரத்தக்கட்டு இருந்தது, பெரும்பாலும் முழங்காலிலும் கணுக்காலுக்கு மேலேயும் நெற்றியிலும். விழுந்து எழுந்து ஓடுகிற பிள்ளைக்கு அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் ஆறு மாதத்துக்குக் கீழே இருந்த 366 குழந்தைகளில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் இருந்தது. தானாக நகராத உடம்பில் அடி தானாகப் படாது. இவ்வளவு எளிய விஷயம், ஆனாலும் மருத்துவமனைகளில் திரும்பத் திரும்பத் தவறவிடப்படுவது இதுதான்.

சின்ன ரத்தக்கட்டுதானே, ரெண்டு நாளில் போய்விடும் என்றால், உண்மைதான், போய்விடும். சிக்கல் அதற்குப் பிறகு வருவதில் இருக்கிறது. 2013ல் வெளியான ஓர் ஆய்வில், அடித்துத் துன்புறுத்தப்பட்டது உறுதியான 200 கைக்குழந்தைகளின் பழைய விவரங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். அவர்களில் 27.5 சதவீதம் பேருக்கு அதற்கு முன்பே ஏதாவது ஒரு சிறிய காயம் ஏற்பட்டிருந்தது. ஒரு ரத்தக்கட்டு, வாய்க்குள் ஒரு கிழிசல், அந்த மாதிரி. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட, துன்புறுத்தப்படாத 101 குழந்தைகளில் ஒருவருக்குக்கூட அப்படி இல்லை. இன்னொன்றுதான் எனக்கு உறுத்துகிறது: அந்தச் சிறு காயம் இருந்தவர்களில் பத்துக்கு நான்கு பேருடைய விஷயத்தில் யாரோ ஒரு மருத்துவப் பணியாளருக்கு அது அப்போதே தெரிந்திருக்கிறது. பார்த்தார்கள், கடந்து போனார்கள்.

பார்த்தும் கடந்து போவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. 1860ல் பாரிஸில் ஆம்புரோஸ் தார்தியே என்ற தடயவியல் மருத்துவர், பெற்றோராலும் பாதுகாவலர்களாலும் வதைக்கப்பட்ட 32 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 18 பேர் இறந்தவர்கள். எலும்பு முறிவு, சூடு, தோலில் தடங்கள், குழந்தையின் கண்ணில் தெரிந்த மிரட்சி உட்பட எல்லாவற்றையும் எழுதியிருந்தார். மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. 1946ல் அமெரிக்காவில் ஜான் காஃபி என்ற குழந்தை ரேடியாலஜி நிபுணர், மூளையைச் சுற்றி ரத்தம் உறைந்த 6 கைக்குழந்தைகளின் எக்ஸ்ரேக்களில் கை கால் எலும்புகளில் 23 முறிவுகளைக் கண்டார். பெற்றோர் யாரும் விழுந்ததாகவோ அடிபட்டதாகவோ சொல்லவில்லை. முறிவுகள் எப்படி வந்தன என்பதை அவர் வெளிப்படையாக எழுதவும் இல்லை. 1962ல் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரைதான் கடைசியில் கதவை உடைத்தது: 71 மருத்துவமனைகளிடம் கேட்டதில் ஒரே வருடத்தில் 302 குழந்தைகள், 33 பேர் மரணம், 85 பேருக்கு நிரந்தர மூளைப் பாதிப்பு. 'அடிபட்ட குழந்தை நோய்க்குறி' என்று அவர் வைத்த பெயர் காதில் அறைகிற மாதிரி இருக்க வேண்டும் என்றே வைக்கப்பட்டது. மென்மையான பெயர் வைத்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். 1967க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், சந்தேகம் வந்தால் மருத்துவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. தார்தியே எழுதியதிலிருந்து கணக்குப் போட்டால் நூறு வருடத்துக்கு மேல்.

இத்தனைக்கும் கருவிகளுக்குக் குறை இல்லை. தார்தியேயிடம் எக்ஸ்ரே இல்லை, ஆனாலும் அவர் பார்த்துவிட்டார். பெற்ற கையே அடிக்கும் என்று நம்ப மனம் ஒப்பாததுதான் தடை. அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? முதலில் இடம். ஓடியாடி விழுகிற குழந்தைக்கு அடிபடுவது உடம்பின் முன்பக்கத்தில், எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில். காது, கழுத்து, வயிறு, முதுகு, தாடையின் கோணம், கன்னத்தின் சதைப்பகுதி, இமை இங்கெல்லாம் சும்மா அடிபடாது. அமெரிக்காவில் மேரி கிளைட் பியர்ஸ் தலைமையிலான குழு 2021ல் 2,161 குழந்தைகளை வைத்துச் சோதித்த ஒரு விதி இருக்கிறது: நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இந்த இடங்களில் ரத்தக்கட்டு இருந்தாலோ, மேலுதட்டை ஈறோடு பிணைக்கும் மெல்லிய சவ்வு கிழிந்திருந்தாலோ, கண்ணின் வெண்பகுதியில் ரத்தம் கசிந்திருந்தாலோ, கையோ பெல்ட்டோ பட்டதுபோல வடிவத்தோடு ஒரு தடம் இருந்தாலோ, ஐந்து மாதம் நிறையாத குழந்தைக்கு உடம்பில் எங்கே ஒரு ரத்தக்கட்டு இருந்தாலும், நின்று யோசிக்க வேண்டும். துன்புறுத்தப்பட்ட குழந்தைகளில் 95 சதவீதத்தினரை அந்த விதி பிடித்தது. தற்செயலாக அடிபட்டவர்களில் 87 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிட்டது. அதாவது மீதி 13 சதவீதக் குழந்தைகளின் வீட்டார் ஒன்றும் செய்யாமலே சந்தேகத்தில் சிக்குவார்கள். இதை மறந்துவிடக் கூடாது, பின்னால் இதற்கு வருகிறேன்.

நிறத்தை வைத்து 'இது மூன்று நாள் பழசு, இது ஒரு வாரம்' என்று சொல்வதெல்லாம் நம்பத்தக்கதில்லை. பல காலம் பாடமாகவே சொல்லிக்கொடுத்தார்கள். பரிசோதித்துப் பார்த்தபோது அனுபவசாலிகளே தவறிப் போனார்கள். நீதிமன்றத்தில் நின்று நிறத்தை வைத்துத் தேதி சொல்கிற மருத்துவர் தன் வாயாலேயே வழக்கைக் கெடுத்துக்கொள்வார்.

வெந்நீர்க் காயத்துக்கு ஒரு மொழி உண்டு. மேசையிலிருந்து பாத்திரத்தை இழுத்துக் கொட்டிக்கொண்ட குழந்தைக்கு முகத்திலோ தோளிலோ தொடங்கிக் கீழே வரவர ஒடுங்கும், தெறித்த துளிகள் அங்கங்கே சிதறியிருக்கும். ஏனென்றால் தண்ணீர் வழியும்போது ஆறிக்கொண்டே வருகிறது, குழந்தையும் துள்ளுகிறது. வெந்நீருக்குள் இறக்கிப் பிடித்த குழந்தையின் கால்களிலோ, காலுறை போட்டதுபோல இரண்டிலும் ஒரே உயரத்தில் ஒரு கோடு நிற்கும், தெறிப்பு இருக்காது. சில சமயம் பிட்டத்தின் நடுவில் மட்டும் தோல் வேகாமல் தப்பியிருக்கும், தொட்டியின் அடிப்பகுதி தண்ணீரைவிடச் சூடு குறைவு என்பதால். அப்படியானால் அந்தக் குழந்தை துள்ளவில்லை, அழுத்தி உட்காரவைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே இருப்பதைப் பார்க்க எக்ஸ்ரே. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சந்தேகம் வந்தால் முழு உடம்பையும் பகுதி பகுதியாக ஏறத்தாழ 20 படங்கள் எடுப்பது நடைமுறை. ரேடியாலஜி நிபுணர் தேடுவது முக்கியமாக விலா எலும்புகளின் பின்பக்கத்தை, முதுகெலும்போடு அவை சேரும் இடத்தை. பெரியவர் ஒருவர் இரண்டு கையாலும் குழந்தையின் மார்பைச் சுற்றிப் பிடித்து நசுக்கும்போது அந்த இடம்தான் நெம்பிக்கொண்டு முறியும். மேலே ஒரு கீறல்கூட இருக்காது. புதிய முறிவு முதல் படத்தில் பல நேரம் தெரிவதும் இல்லை. அதனால்தான் இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் எடுக்கச் சொல்கிறார்கள். எலும்பு கூடும்போது முறிவைச் சுற்றி முடிச்சுப்போலத் தடித்து வெள்ளையாகத் தெரியும். முதல் படம் 'நார்மல்' என்று வந்ததும் ஃபைலை மூடிவிட்டு, இரண்டாவது படத்துக்கு யாரும் கூப்பிடாமல் போன குழந்தைகள் உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகும், அடையாளங்களைவிட முக்கியமானது கதைதான் என்பேன். காயத்துக்கு ஒரு கதை இருக்கும், அந்தக் கதை குழந்தையால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், காயத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும், மாறாமல் இருக்க வேண்டும். நர்ஸிடம் ஒன்று, டாக்டரிடம் ஒன்று, அப்பா வந்த பிறகு இன்னொன்று என்றால் நிற்க வேண்டும். 'எப்படின்னே தெரியல' என்றாலும் நிற்க வேண்டும். கை வீங்கி இரண்டு நாள் ஆகியும் இன்றுதான் கூட்டிவந்தார்கள் என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். உடனே முடிவுக்கு வரக் கூடாது. வண்டி கிடைக்காதது, வேலையிலிருந்து விடுப்பு கிடைக்காதது, போன முறை வந்தபோது திட்டு வாங்கியது என்று தாமதத்துக்கு ஆயிரம் நியாயமான காரணம் உண்டு.

இனி 'நல்ல குடும்பம்' என்ற இரண்டு சொற்களுக்கு வருவோம். 1999ல் வெளியான இன்னொரு ஆய்வு, உலுக்கியோ அடித்தோ தலையில் காயம்பட்ட 173 சிறு குழந்தைகளின் விவரங்களைப் பார்த்தது. அவர்களில் 54 பேரை, கிட்டத்தட்ட மூன்றில் ஒருவரை, முதலில் பார்த்த மருத்துவர்கள் வயிற்றுப்போக்கு, வைரஸ் காய்ச்சல், தற்செயலான அடி என்று ஏதோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். தலையில் ரத்தம் கசிந்த குழந்தை வாந்தி எடுக்கும், சிணுங்கும், பால் மறுக்கும். வெளியே காயம் இல்லாவிட்டால் வயிற்றுக் கோளாறு போலவேதான் இருக்கும், அது புரிகிறது. ஆனால் யாருடைய குழந்தைகள் அதிகம் தவறவிடப்பட்டார்கள் என்று பார்த்தால், வெள்ளைக்காரக் குழந்தைகள், அப்பா அம்மா இருவரும் சேர்ந்து வாழும் வீட்டுக் குழந்தைகள். மருத்துவர் தன்னைப் போலவே இருக்கும் பெற்றோரைச் சந்தேகிக்கவில்லை. அனுப்பப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் திரும்பவும் அடிபட்டு வந்தார்கள். இதே தராசின் அடுத்த தட்டில், ஏழைகளும் சிறுபான்மையினரும் ஒரே மாதிரி முறிவுக்கு அதிகமாகச் சந்தேகிக்கப்படுகிறார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. உடுப்பைப் பார்த்து வருகிற சந்தேகம் இரண்டு பக்கமும் குழந்தையைத்தான் கைவிடுகிறது.

மேலிடத்துச் சொல் ஒன்று எப்படி எல்லாக் கதவையும் சாத்தும் என்பதற்கு லண்டனில் எட்டு வயதில் இறந்த விக்டோரியா கிளிம்பியேயின் கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். 1999 ஜூலையில் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது முதலில் பார்த்த இளநிலை மருத்துவர் சந்தேகப்பட்டார், சேர்த்துக்கொண்டார். அன்று மாலை பார்த்த மூத்த மருத்துவர் அந்தத் தடங்கள் சிரங்கு சொறிந்ததால் வந்தவை என்றார். அவ்வளவுதான், அடுத்த நாள் அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் தலையிலும் முகத்திலும் வெந்நீர்க் காயத்தோடு வேறொரு மருத்துவமனைக்கு வந்தாள். அரிப்பு தாங்காமல் அவளே ஊற்றிக்கொண்டதாகச் சொல்லப்பட்டது. 'சிரங்கு' என்ற சொல் இப்போது வளர்த்தவளுக்கே கைகொடுத்தது. அங்கே குளிப்பாட்டிய நர்ஸுகள் உடம்பில் தடங்களைப் பார்த்தார்கள். அவளை வளர்த்த பெண் வரும்போதெல்லாம் அவள் விறைத்து நின்றதைப் பார்த்தார்கள். ஆனால் பார்த்தவை முழுதாகக் கேஸ் ஷீட்டில் ஏறவில்லை. 2000 பிப்ரவரியில் அவள் இறந்தபோது உடம்பில் 128 காயங்கள். மருத்துவமனை, சமூகப் பணித்துறை, போலீஸ் எல்லாம் சேர்த்து அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய தருணங்கள் குறைந்தது 12 என்று 2003ல் வந்த லாமிங் விசாரணை அறிக்கை சொன்னது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படலாம் என்று கிளம்பினால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1987ல் இங்கிலாந்தின் கிளீவ்லாண்ட் பகுதியில் சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக இரண்டு குழந்தைநல மருத்துவர்கள் சொன்னார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு உடல் அடையாளத்தை மலைபோல நம்பியதன் விளைவு அது. வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானோர் பிறகு திருப்பி அனுப்பப்பட்டார்கள். உண்மையில் கொடுமைக்கு ஆளான சிலரும் அந்தக் குழப்பத்தில் அடிபட்டுப் போனார்கள். இன்னொரு உதாரணம் ராய் மெடோ. பெற்றவரே குழந்தைக்கு நோயைக் கற்பித்தோ உண்டாக்கியோ மருத்துவமனை மருத்துவமனையாக இழுத்துத் திரிவதை 1977ல் முதலில் எழுதியவர் இவர்; அந்தக் கொடுமையில் ஊசி போடுவதும் வயிற்றைக் கிழிப்பதும் மருத்துவரின் கையாலேயே நடக்கும் என்பதால் அதை அடையாளம் கண்டது பெரிய விஷயம். அதே மெடோதான் பிற்பாடு ஒரு தாயின் கொலை வழக்கில், ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் இயற்கையாகத் திடீரென்று இறக்கும் வாய்ப்பு 7.3 கோடியில் ஒன்று என்று தவறான கணக்கைச் சாட்சியமாகச் சொன்னார். அந்தத் தாய் 2003ல் விடுதலையாகும்வரை மூன்று வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார்.

அதனால்தான் ரத்தக்கட்டு என்றதும் ரத்தம் உறைகிறதா என்ற பரிசோதனையும் சேர்ந்தே வருகிறது. ஹீமோஃபீலியா, தட்டணுக் குறைவு, வைட்டமின் கே குறைவு இவையும் ரத்தக்கட்டாகவே தெரியும். எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய் உண்டு. இடுப்பிலும் முதுகிலும் பிறந்ததிலிருந்தே இருக்கும் நீலநிறப் படலத்தை அடித்த தடம் என்று எழுதியவர்களும் உண்டு. நம்மைப் போன்ற மாநிறத் தோலுள்ள குழந்தைகளிடம் அது சர்வ சாதாரணம். பிறந்த அன்றே அதைக் குறித்துவைத்தால் பின்னால் எத்தனையோ தலைவலி மிச்சம்.

அப்படியானால் மருத்துவர், நர்ஸ், பல் மருத்துவர், தடுப்பூசி போடுகிறவர் இவர்களுடைய வேலைதான் என்ன? யார் செய்தது என்று கண்டுபிடிப்பது இல்லை. நிரூபிப்பதும் இல்லை. கதையும் காயமும் பொருந்தவில்லை என்பதைக் கவனிப்பது, அதை அப்படியே எழுதுவது, அதற்கென்று இருக்கும் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடம் சொல்வது, குழந்தை அன்றிரவு எங்கே தூங்கப்போகிறது என்று யோசிப்பது. பல நாடுகளின் சட்டம் கேட்பது நியாயமான சந்தேகத்தைத்தான், உறுதியை இல்லை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவருக்குப் பாதுகாப்பும் பல இடங்களில் உண்டு. உறுதியானதும் சொல்லலாம் என்று காத்திருப்பவர் தன்னை நீதிபதியாக நினைத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

எழுதுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். 'தாய் கொடுமைப்படுத்தியது போல் தெரிகிறது' என்று எழுதினால் அது அபிப்பிராயம், யாரும் கிழித்துவிடுவார்கள். 'இடது காது மடலின் மேல்விளிம்பில் 2 மில்லிமீட்டர் அளவில் நான்கு ஊதாப் புள்ளிகள், காதின் பின்னால் 1 சென்டிமீட்டர் நீலத் தடம். தாய் சொன்னது: "கிலுகிலுப்பைய எடுத்து அடிச்சுக்கிட்டான்". குழந்தைக்கு 3 மாதம், இன்னும் புரளவில்லை. பார்த்த நேரம் காலை 10.40' என்று எழுதினால் ஐந்து வருடம் கழித்து நீதிமன்றத்திலும் அது நிற்கும். சொன்னவர் சொன்ன சொல்லிலேயே இருக்க வேண்டும், நம் சொல்லில் திருத்தி எழுதக் கூடாது. உடம்புப் படம் வரைந்த தாளில் இடத்தைக் குறித்து, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் புகைப்படம் எடுக்க வேண்டும். உடம்பு முழுக்கப் பார்த்து வேறெங்கும் இல்லை என்றால் அதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பார்க்கவே இல்லை என்றுதான் ஆகும்.

பாலியல் வன்கொடுமையில் இதெல்லாம் தலைகீழ். அங்கே உடம்பு பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. 2002ல் 2,384 குழந்தைகளைப் பரிசோதித்த விவரங்களை வெளியிட்டவர்கள் கண்டது, அசாதாரணமாக ஏதாவது தெரிந்தது 4 சதவீதத்தினரிடம் மட்டும். பருவ வயதில் கர்ப்பமாக இருந்த 36 பெண்களை வைத்து 2004ல் நடந்த ஆய்வில், உடலுறவு நடந்ததற்குத் திட்டவட்டமான அடையாளம் இருந்தது இரண்டே பேரிடம். கர்ப்பமே ஆகியும்! பிறப்புறுப்பில் உள்ள சவ்வு நெகிழும், சின்னக் கீறல் நாலைந்து நாளில் சுவடில்லாமல் ஆறிவிடும், பல வகைக் கொடுமைகளில் காயமே ஏற்படாது. ஆகவே 'பரிசோதனையில் ஒன்றும் இல்லை' என்று எழுதிவிட்டு, குழந்தை பொய் சொல்கிறது என்ற அர்த்தம் வரும்படி விட்டுவிடுவது பெரிய அநியாயம். 'இயல்பாக இருக்கிறது, குழந்தை சொன்னதை இது மறுக்கவில்லை' என்று எழுதுவதுதான் முறை. கன்னித்தன்மைச் சோதனை என்று ஒன்று மருத்துவத்திலேயே கிடையாது. அதை நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018ல் வெளிப்படையாகவே அறிவித்தன.

குழந்தை வாயைத் திறந்து சொல்லிவிட்டால் செய்ய வேண்டியது மிகக் குறைவு, அதனால்தான் அது கடினம். கேட்க வேண்டும். அதிர்ச்சியை முகத்தில் காட்டக் கூடாது. 'மாமாதானே தொட்டாரு?' என்று நாமே பெயரைப் போட்டுக் கேட்கக் கூடாது. அப்படி ஒரு கேள்வி போதும், பின்னால் வாக்குமூலம் முழுவதும் செல்லாமல் போய்விடும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யவே கூடாது, ஏனென்றால் சொல்லத்தான் போகிறோம். நம்புகிறேன், உன்மேல் தப்பில்லை, அடுத்து இதைச் செய்யப்போகிறோம், இவ்வளவு போதும். சிகிச்சை எந்தப் புகாருக்கும் காத்திருக்கக் கூடாது: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை 120 மணி நேரத்துக்குள். விரிவான விசாரணை பயிற்சி பெற்றவர்களின் வேலை. ஒரே கதையை டாக்டர், போலீஸ், வக்கீல் என்று பத்துப் பேரிடம் குழந்தை சொல்லக் கூடாது என்பதற்காக, எல்லாரும் ஒரே வீட்டுக்கு வந்து ஒரே தடவை கேட்டுப் பதிவுசெய்யும் ஏற்பாட்டை ஐஸ்லாந்து 1998ல் தொடங்கியது. அங்கே அதற்குக் 'குழந்தைகள் வீடு' என்று அர்த்தம் வரும் பெயர். வேறு பல ஐரோப்பிய நாடுகளும் அதைப் பின்பற்றின.

அடி, வன்கொடுமை என்றால் செய்தியாகிறது. கவனிக்காமல் விடுவது செய்தியாவதில்லை. வளர்ச்சி அட்டையில் எடைக்கோடு இரண்டு படி இறங்கியிருக்கும், பல் முழுக்கச் சொத்தையாகி இரவெல்லாம் அழுதிருக்கும், வலிப்பு மாத்திரை மாதக்கணக்கில் வாங்கப்பட்டிருக்காது. பல் மருத்துவரும் மருந்துக் கடைக்காரரும் டாக்டருக்கு முன்பே இதைக் கண்டுவிடுவார்கள். பிரிட்டனில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது. குழந்தை தேதிக்கு வராவிட்டால் 'வரவில்லை' என்று எழுதி வந்ததை, 'அழைத்து வரப்படவில்லை' என்று எழுதச் சொன்னார்கள். நான்கு வயதுப் பிள்ளை தானாகப் பஸ் ஏறி வராது. சொல்லை மாற்றியதும் கேள்வியும் மாறுகிறது: யார் அழைத்து வந்திருக்க வேண்டும், ஏன் முடியவில்லை? மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. அவர்கள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 3.7 மடங்கு என்று 2012ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். பேச முடியாத பிள்ளையின் ரத்தக்கட்டை 'அவன் எப்பவும் இடிச்சுக்குவான்' என்று ஒதுக்குவது சுலபம்.

அடி விழுவதற்கு முன்பே மருத்துவப் பணியாளர் உள்ளே நுழைய முடியுமா? ஓரளவு. கைக்குழந்தையின் அழுகை பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து கூடிக்கொண்டே போய் இரண்டாவது மாத வாக்கில் உச்சத்துக்கு வந்து பிறகு தணியும். எந்த நோயும் இல்லாமல், என்ன செய்தாலும் நிற்காமல். குழந்தையை உலுக்கித் தலையில் காயம் ஏற்படுத்தும் சம்பவங்களும் அந்த மாதங்களை ஒட்டியேதான் அதிகரிக்கின்றன. பிரசவ வார்டிலேயே இதை எடுத்துச் சொல்லி, 'தாங்க முடியலைன்னா பத்திரமா படுக்க வச்சிட்டு அடுத்த அறைக்குப் போங்க, அழுது யாரும் செத்ததில்லை' என்று அம்மாவிடம் மட்டுமல்ல அப்பாவிடமும் பேசும் திட்டம் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் நடந்தது. இந்தக் காயங்கள் 47 சதவீதம் குறைந்ததாக 2005ல் அறிவித்தார்கள். அதையே பென்சில்வேனியா முழுவதும் செய்து பார்த்தபோது அந்தக் குறைவு கிடைக்கவில்லை. ஒரு தடவை பேசிவிட்டால் போதாது என்று நினைக்கிறேன். கர்ப்ப காலம் தொட்டுக் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை ஒரே நர்ஸ் வீட்டுக்குத் தொடர்ந்து வந்துபோகும் ஏற்பாட்டை டேவிட் ஓல்ட்ஸ் 1977ல் அதே நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு நகரில் தொடங்கினார். 15 வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த வீடுகளில் உறுதிசெய்யப்பட்ட துன்புறுத்தல் புகார்கள் கிட்டத்தட்டப் பாதியாகியிருந்தன.

இவ்வளவு தெரிந்தும் ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டால், பயம். தப்பாகப் போய்விட்டால்? குடும்பம் அப்புறம் இந்தப் பக்கமே வராவிட்டால்? கோர்ட்டுக்கு இழுப்பார்களே? தெரிவித்தபின் என்ன ஆனது என்று பெரும்பாலும் யாரும் திரும்பிச் சொல்வதும் இல்லை. கிணற்றில் கல் போட்ட மாதிரிதான். தனி ஆளாக இருக்கும் ஜூனியர் ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு இந்தப் பயத்தோடு மல்லுக்கட்ட முடியாது. முடிவு அவருடைய தனிப்பட்ட துணிச்சலில் தொங்கக் கூடாது. எழுதி ஒட்டிய நடைமுறை, யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண், மூத்தவர் மறுத்தாலும் மேலே போக ஒரு வழி, இவை இருக்கிற மருத்துவமனையில் தயக்கம் தானாகக் குறைகிறது.

பெற்றோரிடம் சொல்வதும் அப்போது சுலபம். சொன்னால் குழந்தைக்கு ஆபத்து கூடும் என்று தோன்றினாலொழிய, நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. அந்த மூன்று மாதக் குழந்தையின் அம்மாவிடம் நர்ஸ் குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இன்னும் புரளாத குழந்தைக்கு இப்படி ரத்தம் கட்டியிருந்தா, யார் வீட்டுக் குழந்தையா இருந்தாலும் நாங்க ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்ப்போம்மா. இன்னைக்கு இங்கயே இருங்க. டாக்டரும், குழந்தைகளுக்காக இருக்கிற எங்க ஆள் ஒருத்தரும் வந்து உங்ககிட்ட பேசுவாங்க. வீட்டுல உங்களுக்கு உதவிக்கு யார் இருக்காங்க?" கடைசிக் கேள்விக்குப் பதில் வரச் சில நேரம் ரொம்ப நேரம் ஆகும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வது நல்லது.